உங்களுக்குத் தெரியுமா? பாரிஸ் பாரிடோன் முதல் படுவான்கரைக் கூத்தர் வரை!

இந்த முறை குரலுக்கு மரியாதை! உலகத்தையே ஆட்டிப்படைத்த ஓபரா பாரிடோன்களையும், மட்டக்களப்பு வாவிக்கரையில் விடிய விடியப் பாடி ஆடிய கூத்தர்களையும் ஒரே பக்கத்தில் நிறுத்தியிருக்கிறோம். துருவித் துருவித் தேடியதில் கிடைத்ததெல்லாம் முத்து! படியுங்கள், அசந்துபோவீர்கள்!

இலங்கையில் நடக்கும் பாரிஸ் ஓபரா!

● பாரிஸில் அரங்கேறிய ஓர் ஓபராவின் கதை முழுக்க முழுக்க நம் இலங்கையில்தான் நடக்கிறது! 'முத்துக் குளிப்போர்' என்பது அதன் பெயர். இசையமைத்தவர் ஜார்ஜ் பிஸே. அரங்கேறிய நாள் 1863 செப்டம்பர் 30!

● அப்போது பிஸேக்கு எத்தனை வயது என்று நினைக்கிறீர்கள்? வெறும் 24!

● அவர் இலங்கை மண்ணை மிதித்ததே இல்லை! கதை முதலில் மெக்சிகோவில் நடப்பதாகத்தான் இருந்தது. பிறகு ஒரேயடியாகக் கடல் தாண்டி இலங்கைக்கு வந்துவிட்டது!

● அந்த ஓபராவில் முத்துக் குளிப்பவர்களின் தலைவன் சூர்கா. அந்த வேடத்தைப் பாடுவது யார் தெரியுமா? ஒரு பாரிடோன்! ஆண் குரல்களில் மேலே போவது டெனர், அடியில் உறுமுவது பாஸ், இரண்டுக்கும் நடுவில் கம்பீரமாக நிற்பது பாரிடோன். ஆக, ஓபரா உலகில் இலங்கையின் தலைவன் ஒரு பாரிடோன்!

● மேடையில் அவர்கள் கும்பிடும் தெய்வம்? பிரம்மா! பிரெஞ்சு மொழியில் பிரம்மாவைக் கூப்பிட்டுக் கூட்டமாகப் பாடுகிறார்கள்!

● முதல் முறை மேடையேறியபோது மொத்தமே 18 காட்சிகள்! அதற்குப் பிறகு பிஸே உயிரோடு இருந்தவரை அது மறுபடி மேடை ஏறவே இல்லை. அவர் இறந்தது 1875-இல். வயது 36!

● இன்றைக்கோ கதையே வேறு! அதில் டெனரும் பாரிடோனும் சேர்ந்து பாடும் நட்புப் பாட்டு, ஓபரா ரசிகர்கள் உலகெங்கும் விரும்பிக் கேட்கும் பாட்டுகளில் ஒன்று! 18 காட்சிகளோடு மூட்டை கட்டிய ஓபராவுக்கு இத்தனை பெரிய வாழ்வு!

● நியூயார்க் மெட்ரோபொலிட்டன் ஓபராவில் 1916-இல் அதைப் போட்டார்கள். சூர்காவாகப் பாடியவர் இத்தாலியப் பாரிடோன் ஜூசெப்பே தெ லூக்கா. அடுத்த முறை அங்கே அது மேடையேறிய நாள் 2015 டிசம்பர் 31. கிட்டத்தட்ட 100 வருட இடைவெளி!

பாரிடோன் சூரர்கள்!

● இத்தாலியப் பாரிடோன் லியோ நூச்சி, இசையமைப்பாளர் வெர்டியின் ஓபராவில் வரும் 'ரிகோலெத்தோ' வேடத்தை எத்தனை தடவை பாடினார்? 500 தடவைக்கு மேல்! ஒரே வேடம். ஒரே கூன் முதுகு. ஒவ்வொரு இரவும் மகளைப் பறிகொடுத்த அதே அப்பாவின் அழுகை!

● டாட் டங்கன் அதையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்! 1935-இல் 'போர்கி அண்ட் பெஸ்' ஓபராவின் முதல் போர்கி அவர்தான். அந்த வேடத்தை அவர் ஏற்றது 1,800 தடவைக்கு மேல்!

● அதே டங்கன் 1936-இல் வாஷிங்டனில் ஒரு போடு போட்டார். கறுப்பின மக்களைத் தனியே ஒதுக்கி உட்காரவைக்கும் அரங்கில் பாட மாட்டேன் என்று மறுத்துவிட்டார்! சக கலைஞர்களும் கூடவே நின்றார்கள். அரங்கம் இறங்கிவந்தது. எல்லாரும் கலந்து உட்கார்ந்தார்கள்!

● ரஷ்யப் பாரிடோன் த்மித்ரி ஹ்வொரஸ்தோவ்ஸ்கியும் வேல்ஸ் நாட்டு பாஸ்-பாரிடோன் பிரின் டெர்ஃபெலும் 1989-இல் கார்டிஃப் நகரப் பாட்டுப் போட்டியில் மோதினார்கள். இரண்டு பேருமே பின்னாளில் உலகப் புகழ்! அன்றைக்கு முதல் பரிசு ரஷ்யருக்கு!

● அதே ஹ்வொரஸ்தோவ்ஸ்கி 2017 மே மாதம் மூளைக் கட்டியோடு போராடிக்கொண்டே மெட்ரோபொலிட்டன் மேடைக்கு வந்தார். யாருமே எதிர்பார்க்கவில்லை! வந்தார், ரிகோலெத்தோவின் பாட்டைப் பாடினார், அரங்கமே எழுந்து நின்றது. அதே ஆண்டு நவம்பரில் போய்விட்டார். வயது 55!

● லெனர்ட் வாரன் மேடையிலேயே உயிரை விட்டார்! 1960 மார்ச் 4, மெட்ரோபொலிட்டன் ஓபரா. வெர்டியின் ஓபராவில் பாடிக்கொண்டிருந்தபோதே சரிந்தார். வயது 48!

● முதுமை பாடகருக்குத் தடையா? ஜூசெப்பே தத்தேயியைக் கேளுங்கள்! மெட்ரோபொலிட்டன் மேடையில் அவர் முதன்முதலாகக் கால் வைத்தது 1985-இல். வயது 69!

● பிளாசிடோ டொமிங்கோவை எல்லாருக்கும் டெனராகத் தெரியும். ஆனால் ஆரம்பத்தில் அவர் பாரிடோன்! ஊரே மெச்சிய டெனராகப் பல பத்தாண்டு கோலோச்சிவிட்டு, 2009-இல் மறுபடி பாரிடோன் வேடத்துக்குத் திரும்பினார். அப்போது வயது 68!

● ராபர்ட் மெரில் பேஸ்பால் பைத்தியம்! நியூயார்க் யாங்கி மைதானத்தில் 1969 முதல் பல்லாண்டு தேசிய கீதம் பாடியவர் இந்தப் பாரிடோன்தான். அவருடைய ஜெர்சியில் இருந்த எண் என்ன தெரியுமா? ஒன்றரை!

● 1925 ஜனவரி 2. லாரன்ஸ் டிபெட் என்ற இளம் பாரிடோன் ஒரு துணை வேடம் பாடினார். அவ்வளவுதான்! அவர் தனியே வந்து வணங்கினால்தான் ஆச்சு என்று அரங்கம் அடம்பிடித்தது. ஓபராவே நின்றுபோனது! ஒரே இரவில் நட்சத்திரம்!

● மாத்தியா பத்திஸ்தீனி என்ற பாரிடோனுக்காக பிரெஞ்சு இசையமைப்பாளர் மாஸனே என்ன செய்தார் தெரியுமா? 'வெர்த்தர்' ஓபராவின் டெனர் வேடத்தையே பாரிடோன் வேடமாக மாற்றி எழுதிக் கொடுத்தார்! பத்திஸ்தீனி மேடையில் பாடிய காலம் கிட்டத்தட்ட 50 வருடம்!

● ஒலிபெருக்கி இல்லாமல் 60, 70 வாத்தியங்களைத் தாண்டி ஒற்றைக் குரல் எப்படிக் கேட்கிறது? பயிற்சி பெற்ற ஓபரா பாடகரின் குரல் 3,000 ஹெர்ட்ஸ் அளவில் தனியாக ஓங்கி நிற்கிறது! வாத்தியக் கூட்டம் அந்த இடத்தில் அடங்கிப்போகிறது. குரலுக்கு வழி கிடைத்துவிடுகிறது!

மட்டக்களப்பில் வாவியே பாடும்!

● இனி நம் ஊர்! மட்டக்களப்பு வாவியின் நீளம் சுமார் 56 கிலோமீட்டர். கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழும் கரையும் படும் கரையும்! இரண்டு கரையிலும் கூத்து!

● மனிதன் வாயைத் திறக்கும் முன்பே அங்கே தண்ணீர் பாடத் தொடங்கிவிட்டது! பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தை ஒட்டித் தோணியை நிறுத்துங்கள். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விடுங்கள். மறு முனையில் காதை ஒட்டுங்கள். கேட்கிறதா? அதுதான் பாடும் மீன்!

● மட்டக்களப்புக்கு 'மீன்பாடும் தேன்நாடு' என்று சும்மாவா பெயர் வந்தது!

● எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி 19-ஆம் நூற்றாண்டிலேயே அதைக் காதாரக் கேட்டு எழுதிவைத்தார். ஒற்றைச் சத்தமில்லையாம். மேல்ஸ்தாயியும் கீழ்ஸ்தாயியும் கலந்த எத்தனையோ சின்னச் சின்ன ஒலிகளாம்! உச்சப் பெண் குரலான சோப்ரானோவில் இருந்து பாஸ் வரை ஒரு முழுக் குழுவே தண்ணீருக்குள்!

● பாடுவது மீனே இல்லை, ஊரி என்ற நத்தை வகை என்கிறார்கள் வாவிக்கரை மீனவர்கள். டெனன்டுக்கும் அவர்கள் சொன்னது அதுதான். 150 வருடத்துக்கு மேல் ஆகியும் ஊரார் பேச்சு மாறவில்லை!

● லாங் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1950-களில் வாவிக்குள் ஒலிவாங்கியை இறக்கி அந்த இசையைப் பதிவு செய்தார். 1960-களில் அது இலங்கை வானொலியில் ஒலித்தது! மட்டக்களப்பின் பாடகர்களில் வானொலி ஏறியவர்கள் தண்ணீருக்குள்ளும் இருக்கிறார்கள்!

● போர்த்துக்கேயர் மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தரிடம் இழந்தது 1638-இல். ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற பேச்சும் வயலின் பாட்டும் மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் தங்கிவிட்டன! 'கஃப்ரிஞ்ஞா' ஆடாத பறங்கியர் கல்யாணம் களைகட்டாது!

● ஓபரா மேடையில் இலங்கை இரத்தம் ஓடுகிறதா? ஓடுகிறது! இலங்கைப் பறங்கியர் பெற்றோருக்கு ஆஸ்திரேலியாவில் பிறந்த டேனியல் டி நீஸ் மெட்ரோபொலிட்டன் மேடை ஏறினார். சோப்ரானோ. அப்போது வயது 19!

விடிய விடிய ஓர் ஓபரா!

● கதை முழுக்கப் பாட்டு. பாடுபவரே நடிக்கிறார். பின்னால் வாத்தியம், கூடவே குழுப் பாட்டு. ஓபராவைச் சொல்கிறோம் என்று நினைத்தீர்களா? இல்லை, மட்டக்களப்புக் கூத்து! ஓபராக்காரர் நின்று பாடலாம். கூத்தர் ஆடிக்கொண்டே பாடவேண்டும்!

● மட்டக்களப்புக் கூத்து இரண்டு வகை. வடமோடியில் பாரதமும் இராமாயணமும் போர்க்களமும் முழங்கும். தென்மோடியில் காதலும் கல்யாணமும் கொடிகட்டிப் பறக்கும்! இரண்டுக்கும் ஆட்டம் வேறு, பாட்டு வேறு, உடுப்பு வேறு!

● ஓபரா முடியப் பெரும்பாலும் மூன்று மணி நேரம். கூத்து? இரவு தொடங்கினால் பொழுது விடியும் வரை!

● மேடை கிடையாது, வட்டக் களரிதான்! நடுவில் மத்தளத்தோடு கூத்தைப் பழக்கும் அண்ணாவியார், பக்கத்தில் தாளக்காரர், ஏடு பார்ப்பவர், பிற்பாட்டுக்காரர். சனம் சுற்றிவர உட்கார்ந்திருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிரே ஆள்! குரல் நாலு திசைக்கும் போகவேண்டும்!

● ராஜாவின் வரவைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பேர் ஒரு சீலையை உயர்த்திப் பிடிப்பார்கள். அதற்கு மேலே முடியின் நுனி மட்டும் தெரியும். கீழே சதங்கை கட்டிய கால் தாளத்தை எடுக்கும். மத்தளம் கொதிக்கும். சடாரென்று சீலை விலகும்! இடுப்பைச் சுற்றி வட்டமாக விரிந்த கரப்புடுப்பு, தோளில் புஜக்கட்டு, தலையில் கனத்த முடி. களரியைச் சுற்றி ஆடி முடித்து, மூச்சு வாங்க நேரமில்லாமல் அப்படியே விருத்தத்தை உச்சக் குரலில் எடுப்பார். கடைசி வரிசைக் கிழவிக்கும் சொல்லுக்குச் சொல் கேட்கும்!

● ஒலிவாங்கி வராத காலத்திலேயே இத்தனையும்! வெளிச்சத்துக்குத் தீப்பந்தம். பிறகு பெற்றோமாக்ஸ்!

● கூத்தர் ஒரு வரி பாடினால் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அதைத் தூக்கிப் பிடிப்பார்கள். அந்த இடைவெளியில்தான் ஆட்டம்! குரலுக்கு ஓய்வு, காலுக்கு வேலை! ஓபராவின் கோரஸ் செய்யும் வேலையைக் களரியில் இந்தக் கூட்டம் செய்கிறது!

● பெண் வேடம் கட்டியவர்கள் யார்? ஆண்கள்! சீதையும் திரௌபதையும் சுபத்திரையும் மீசை மழித்த மாப்பிள்ளைகள்தான்!

● சின்னப் பிள்ளைகளுக்கும் ஒரு கூத்து இருக்கிறது. வசந்தன்! கையில் கோல், வாயில் பாட்டு, காலில் ஆட்டம். அந்த வசந்தன் பாட்டுகளைத் திரட்டி 1940-லேயே புத்தகமாகப் போட்டுவிட்டார் சதாசிவ ஐயர்!

● வைகாசி பிறந்தால் மட்டக்களப்பின் கண்ணகி அம்மன் கோயில்களில் 'கண்ணகி வழக்குரை' பாடத் தொடங்குவார்கள். சிலம்பின் கதை அங்கே இன்னும் குரலில் வாழ்கிறது! வி.சீ. கந்தையா அதைப் பதிப்பித்த ஆண்டு 1968!

கூத்தராவது லேசா?

● இத்தாலியில் இசைப்பள்ளிக்குப் போகவேண்டும். மட்டக்களப்பில் அண்ணாவியார் வீட்டு வாசலுக்குப் போகவேண்டும்! முதல் படி 'சட்டம் கொடுத்தல்'. ஆளின் உடல்வாகைப் பார்ப்பார், குரலைக் கேட்பார், அதற்கப்புறம்தான் வேடம்! கர்ணனா கட்டியக்காரனா என்பதை முடிவு செய்வது உங்கள் தொண்டை!

● பழக்கம் நாள் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில்! பகலில் வயல், இரவில் களரி. தாளக்கட்டு காலில் ஏறவேண்டும், பாட்டு நெஞ்சில் ஏறவேண்டும்!

● ஆட்டம் படிந்ததும் 'சதங்கை அணிதல்'. அன்றைக்குத்தான் காலில் சதங்கை ஏறும்! அதற்கே ஊர் திரண்டுவிடும்!

● பிறகு 'அடுக்குப் பார்த்தல்'. ஓபராக்காரர்கள் செய்யும் கடைசி ஒத்திகை இதுதான்! அதையும் ஊரே கூடிப் பார்க்கும்!

● அதற்குப் பின்னர்தான் அரங்கேற்றம். அதோடு விடுவார்களா? வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள்! பாரிஸில் ரசிகர் அரங்கத்துக்குப் போனார். படுவான்கரையில் ராஜாவே ரசிகர் வாசலுக்கு வந்தார்!

● சம்பளம்? பெரும்பாலான கூத்தர்களுக்குக் கூத்து பிழைப்பே அல்ல! விடிந்ததும் வயலுக்கோ வாவிக்கோ போகவேண்டிய மனிதர்கள். இரவில் மட்டும் சக்கரவர்த்தி!

மத்தளம் பல்கலைக்கழகம் ஏறியது!

● 1956 நவம்பர் 3. பேராசிரியர் சரச்சந்திரவின் 'மனமே' நாடகம் கொழும்பில் அரங்கேறியது. சிங்கள நாடக உலகமே புரண்டது! அவர் எடுத்துக்கொண்ட 'நாடகம' என்ற சிங்களக் கூத்து வடிவத்தின் வேர் எங்கே? தமிழ்க் கூத்தில்!

● பேராதனையில் இருந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் சும்மா இருப்பாரா? மட்டக்களப்புக் கூத்தைக் கையில் எடுத்தார். 1962-இல் 'கர்ணன் போர்'! மாணவர்களுக்கு ஆட்டம் பழக்க வந்தவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு ஊர் அண்ணாவியார் குரு!

● விடிய விடிய ஆடும் கூத்தை வித்தியானந்தன் எவ்வளவு நேரத்துக்குச் சுருக்கினார்? ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்! மத்தளமும் இருந்தது, ஆட்டமும் இருந்தது, நகர்ப்புறச் சனமும் வந்தது!

● அவர் பதிப்பித்த கூத்துகளின் பட்டியலைப் பாருங்கள். 1962-இல் 'அலங்காரரூபன் நாடகம்'. 1964-இல் 'என்றிக் எம்பரதோர் நாடகம்'. ஆமாம், ஐரோப்பியப் பேரரசர் ஒருவர் தமிழ்க் கூத்தில் நாயகன்! 1966-இல் 'மூவிராசர் நாடகம்'. நான்கே வருடத்தில் 3!

● வித்தியானந்தன் மேடையேற்றிய இன்னொரு கூத்து 'இராவணேசன்'. இராவணனாகக் களம் இறங்கியவர் மட்டக்களப்பு அமிர்தகழியில் 1943-இல் பிறந்த சி. மௌனகுரு! மாணவராக இராவணன், பிறகு பேராசிரியர், பிறகு அதே இராவணேசனுக்குத் தாமே நெறியாளர். ஒரே வேடத்தைப் பல பத்தாண்டு சுமந்த மனிதர்!

● வெர்டிக்கு ரிகோலெத்தோ, மக்பெத், நபுக்கோ எல்லாமே பாரிடோன். தவறு செய்து தவிக்கும் பெரிய மனிதர்களுக்கு அவர் கொடுத்த குரல் அது! நம் கூத்தில் அந்த இடம் யாருக்கு? இராவணனுக்கு!

● ஆடியதோடு மௌனகுரு நிற்கவில்லை. ஆராய்ச்சியும் செய்தார்! 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' நூலாக வெளிவந்த ஆண்டு 1998. கூத்தைப் பற்றி எழுத உட்காரும் எவரும் அதைப் புரட்டாமல் எழுந்திருக்க முடியாது!

● மட்டக்களப்புச் சீலாமுனையில் இன்னொரு புதுமை! சி. ஜெயசங்கரும் ஊர்க் கலைஞர்களும் சேர்ந்து கூத்தை மீளுருவாக்கினார்கள். பழைய ஆட்டம் அப்படியே, கதையின் நியாயங்களை மட்டும் ஊரே கூடி உட்கார்ந்து பேசி மாற்றியது!

காரைதீவு தந்த கணக்கு!

● சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர் காரைதீவு. ஆண்டு 1892. விஞ்ஞானம் படித்தவர், கணக்கில் கெட்டிக்காரர். அந்தக் கணக்கை எங்கே கொண்டுபோய்ப் போட்டார்? பழந்தமிழ் யாழில்! நரம்புக்கு நரம்பு அளந்து 'யாழ்நூல்' எழுதினார். உழைத்த காலம் சுமார் 14 வருடம்!

● 'யாழ்நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. ஜூலை 19-இல் சுவாமி மறைந்தார். இடையில் இருந்தது வெறும் ஆறு வாரம்!

● மக்பெத்தை வெர்டி பாரிடோனுக்குக் கொடுத்தது 1847-இல். அதே மக்பெத்தை நம் விபுலாநந்தர் 1926-இல் தமிழில் கொண்டுவந்து நிறுத்தினார்! 'மதங்க சூளாமணி' என்ற நாடக நூலில் அவர் ஆராய்ந்த ஷேக்ஸ்பியர் நாடகங்கள் 12!

● அவர் பெயரில் கல்லடியில் இன்று ஓர் அழகியல் கற்கைகள் நிறுவகமே இயங்குகிறது. இசை, நடனம், நாடகம் எல்லாம் அங்கே பட்டப்படிப்பு! பாடும் மீன் வாவிக்குப் பக்கத்திலேயே பாட்டுக்குப் பட்டம்!

யார் முதலிடம்?

● இப்போது மார்தட்டும் நேரம்! ரிகோலெத்தோவாக லியோ நூச்சி 500-க்கு மேல். போர்கியாக டாட் டங்கன் 1,800-க்கு மேல். நம் காங்கேசன்துறை நடிகமணி வி.வி. வைரமுத்து 'மயான காண்டம்' நாடகத்தில் அரிச்சந்திரனாக எத்தனை? 3,000 மேடைகளுக்கு மேல்!

● தமிழக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா ஒலிவாங்கி இல்லாமல் கொட்டகையை நிறைத்தவர். இலங்கையும் அவர் குரலுக்கு மயங்கியது! 1933-இல் மறைந்தபோது அவர் வயது வெறும் 27!

● அவருடைய துணை கே.பி. சுந்தராம்பாள் மேடையில் பாடிப் பாடியே புகழின் உச்சிக்கு ஏறியவர். 'நந்தனார்' படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் 1 லட்சம் ரூபாய். அதுவும் 1930-களில்!

குரலுக்குச் சாவு உண்டா?

● பத்திஸ்தீனி பிறந்தது 1856-இல். அவர் குரலை இன்று நீங்கள் கேட்கலாம்! 1902-இல் வார்சாவில் இசைத்தட்டுக்குப் பாடிவைத்துவிட்டார். 120 வருடம் கழித்தும் பாரிடோன் பாடிக்கொண்டே இருக்கிறார்!

● மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கும் ஊரியின் பாட்டுக்கே பதிவு உண்டு! ஆனால் அதே கரையில் நின்று ஒலிபெருக்கி இல்லாமல் ஊரையே விழித்திருக்க வைத்த எத்தனையோ அண்ணாவிமாரின் குரல் ஒரு நாடாவில்கூட ஏறாமல் போய்விட்டது!

● இன்று ஒலிப்பதிவுக்கு வார்சா போகத் தேவையில்லை, பாதிரியாரின் ஒலிவாங்கியும் தேவையில்லை. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போன் போதும்! உங்கள் ஊரில் வயதான அண்ணாவியார் ஒருவர் இருக்கிறாரா? இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள். வெற்றிலைத் தட்டை வைத்து, ஒரு வரவுப் பாட்டையும் ஒரு விருத்தத்தையும் பாடச் சொல்லிக் கேளுங்கள். அவர் பெயர், ஊர், ஆடிய வேடங்கள், குருவின் பெயர் எல்லாவற்றையும் அவர் குரலிலேயே சொல்லவைத்துப் பதிவு செய்யுங்கள். செலவு 0 ரூபாய்!